சொல்லாமல் விட்ட சுரம்

மிஸ்,

இன்று காலை பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆள் வந்திருந்தார். கீழ்ப்பலகையைக் கழற்றியதும் சிஞ்ச்வட்டில் எங்கள் மூன்றாம் மாடி வீடு முழுக்க அந்துருண்டை வாசம். உள்ளே, உங்கள் பழைய நூல் புடவைத் துண்டில் தைத்த சிறு பை. பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் போட்டு வைத்தது. எடுத்துவிடட்டுமா என்று இந்தியில் கேட்டார். தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன்.

ஒன்பது வயதில் கேம்ப் பகுதியில் இருந்த உங்கள் வீட்டுக்குப் பியானோ கற்க வந்தேன். நீங்கள் பெரும்பாலும் என் அருகில் இருக்க மாட்டீர்கள். சமையலறையில் மீன் கழுவிக்கொண்டே, "ஏ பிள்ள, எஃப் ஷார்ப்! கறுப்புக் கட்டை!" என்று குரல் கொடுப்பீர்கள். குழாய்ச் சத்தத்தைத் தாண்டி எப்படித்தான் கேட்டதோ. பத்து வருடத்தில் ஒரு நாளும் 'நல்லா இருக்கு' என்று சொன்னதில்லை. "தப்பு இல்ல. பஸ், போதும். அடுத்தது." அதுதான் உங்களிடம் கிடைக்கும் பெரிய பாராட்டு.

அந்தக் காதை நம்பித்தான் என் மகள் ரியாவையும் உங்களிடம் விட்டேன். சனிக்கிழமைகளில் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவள் எஃப் ஷார்ப்பை விட்டுவிட்டு வெள்ளைக் கட்டையை அழுத்தினாள். உங்கள் குரலுக்காகக் காத்திருந்தேன். நீங்கள் அவள் பக்கத்திலேயே இருந்து தாளத்துக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வாரமும் அப்படியே. உங்களிடம் கற்ற மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏன் வகுப்பை விட்டு நின்றார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டில் ரியாவைத் திருத்தினேன். "மிஸ் ஒண்ணுமே சொல்லலயே மம்மி. நீ டீச்சர் இல்லல்ல?" என்றாள். அதற்குப் பதில் சொல்ல, உங்கள் காது போய்விட்டது என்று சொல்ல வேண்டும். முடியவில்லை. உங்களிடமே சொல்லிவிடலாம் என்று மறுவாரம் வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஒம்மகளுக்குக் கை நல்லா வருது, என்ன?"

"ஆமா மிஸ்" என்றேன்.

பியானோ பரீட்சையில் ரியா தோற்றாள். எந்தச் சுரம் தப்பு என்று மதிப்பெண் தாளில் எழுதியே அனுப்பியிருந்தார்கள். அதை முகத்தருகே பிடித்து இரண்டு முறை படித்தீர்கள். அவளை வாசிக்கச் சொல்லி, எழுந்து நின்று விரல்களைப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"நீ பின்னாலதான உக்காந்திருந்த. ஒனக்குக் கேட்டுச்சா?"

உரக்கச் சொன்னேன். "கேட்டுது மிஸ்."

"எத்தன மாசமா?"

பியானோ மேலிருந்த ரியாவின் நோட்டை எடுத்து மூடினேன்.

"என்ட்ட சொல்லிருக்கலாம்லா, பிள்ள."

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அத்துடன் வகுப்பை நிறுத்திவிட்டீர்கள். காது மெஷின் வாங்க நான்தான் அழைத்துப் போனேன். "பேச்சு கேக்கு. பியானோ மட்டும் தகர டப்பாவ உருட்டுத மாதிரி இருக்கு" என்று கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டீர்கள். நான் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. இருவரும் டீ குடிப்போம். மூடிய பியானோவை நீங்களும் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை. என்ன செய்து இதைச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக வந்த சனிக்கிழமை, நீங்களாகவே "வாசி" என்றீர்கள். ரியாவின் அதே பாடத்தை வாசித்தேன். அதே இடத்தில் என் விரலும் வெள்ளைக் கட்டையில் விழுந்தது. நிறுத்தாமல் முடித்துவிட்டுத் திரும்பினேன்.

"நல்லா இருந்துச்சு பிள்ள" என்றீர்கள்.

தப்பு தெரிந்து சொன்னீர்களா, தெரியாமல் சொன்னீர்களா? கேட்கத் துணிவு வரவில்லை. இரண்டு வாரத்தில் போய்விட்டீர்கள். பியானோ எனக்கென்று எழுதி வைத்திருந்தீர்கள்.

ரியா இப்போது அதைத் தொடுவதில்லை. எங்கள் குடியிருப்புச் சொசைட்டிப் பிள்ளைகள் இருவர் என்னிடம் கற்க வருகிறார்கள். தப்பைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுகிறேன். 'நல்லா இருக்கு' என்று மட்டும் வாயில் வருவதில்லை. அன்று நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, மிஸ்.