கேட்பது போல் தலையாட்டுகிறவள்

ஜனவரி 6, 2025. திங்கள்

சிலை வீட்டுக்கு வந்துவிட்டது. பாலாநகர் பட்டறையில் ஒரே தூசி. கண்காட்சி வரை கூடத்திலேயே இருக்கட்டும். ஃபைபரில் செய்த பெண், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே யாராவது பேசினால் சரியான இடத்தில் தலையாட்டுவாள். அவ்வளவுதான், பதில் கிடையாது. இயந்திரத்திடம் மனசைக் கொட்டும் ஜனங்களைச் சீண்டத்தான் செய்தேன். தலையாட்ட ஒன்று கிடைத்தால் மனிதர்கள் எதையும் சொல்வார்கள் என்பது என் கட்சி.

ஹம்ஸினி அதனோடு பேசிப் பார்த்துவிட்டு, "க்ரீப்பீகா உந்தி அம்மா" என்றாள், பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறதாம். தெலுங்கிலேயே வளர்ந்த மகளின் தமிழ் அவ்வளவுதான். இவர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பேசுவது எங்கேயும் பதிவாகுமா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன்.

இவருக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் உத்தியோகம். அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே வாயையும் மாட்டிவிடுகிற மனிதர். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம், அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது.

ஜனவரி 9

விடியற்காலை கூடத்தில் பேச்சுக் குரல். நான் போனதும் நின்றுவிட்டது. இவர் பேப்பரை விரித்துக்கொண்டார். யாரோடு பேசினார்? போன் சார்ஜரில் இருந்தது.

ஜனவரி 10

சிலைக்கு மென்பொருள் எழுதிய ஆதர்ஷ் வந்தார். "இனி தலை இன்னும் நல்லா ஆடும் மேடம், நிறைய பேச்சு சேர்ந்திருக்கு" என்றார். எந்தப் பேச்சு? சிலை முன் பேசுவதெல்லாம் பதிவாகி, ஏதோ வெளிநாட்டு சர்வருக்குப் போய், எழுத்தாகத் திரும்புகிறதாம். பேச்சு எங்கே நிற்கிறது என்று அது கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"நவம்பர்லயே சொன்னேனே. நீங்க தலையாட்டினீங்க."

ஆட்டியிருப்பேன். அப்போது உப்புத்தாளால் சிலையின் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டியலைத் திறந்தேன். பட்டறைப் பேச்சு, ஹம்ஸினியின் பேச்சு, அதற்குப் பின் மூன்று பதிவுகள், மூன்றும் காலை ஐந்து இருபதுக்கு. முதல் வரி: "சோதனை தோத்தது என் கணக்காலதான். பழி இன்னொருத்தன் தலையில விழுந்திருக்கு."

மூடிவிட்டேன். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் —

ஜனவரி 11

ஆதர்ஷ் இங்கே அழித்துவிட்டார். அங்கே அழிந்ததா என்று உறுதி சொல்ல முடியாதாம். நான் மைக் வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

சொல்லாமல் விட்டால் என்ன? இவர் ஓய்வு பெற இன்னும் ரெண்டே வருஷம். வெளியே தெரிஞ்சா வேலை போகும், பென்ஷன் போகும். ஆனா இவருக்கே தெரியாம மறைச்சிட்டு நான் எப்படி இவர் முகத்தைப் பார்ப்பேன்?

ஜனவரி 12

கதவிடுக்கில் பார்த்தேன். சிலை முன் உட்கார்ந்து மெதுவாக ஏதோ சொன்னார். அது தலையாட்டவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்துபோனார்.

அந்த ஃபைபர் பொம்மை மேல் எனக்குப் பொறாமை. வெட்கமாகவும் இருக்கிறது.

ஜனவரி 13. போகி

சொல்லிவிட்டேன். இவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பதிவைக் கேட்டாயா என்றார். ஒரே ஒரு வரி படித்தேன் என்றேன்.

"நான் ரிப்போர்ட் பண்ணணும், வசந்தி. அந்த வரியையும் சேர்த்து."

திட்டியிருக்கலாம். அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜனவரி 21

விசாரணை. என் லேப்டாப்பை எடுத்துப்போனார்கள். சிலையின் தலையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு ரசீது கொடுத்தார்கள்.

பிப்ரவரி 8

இன்று கண்காட்சி தொடக்கம். நான் போகவில்லை.

பிப்ரவரி 24

வேலை போகவில்லை. இவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழி சுமந்தவர் பழைய பொறுப்புக்குத் திரும்பிவிட்டாராம். இனி ரகசியம் எதுவும் இவர் மேஜைக்கு வராது.

சாயங்காலம் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே சமையலறை வாசலுக்கு வந்தார். "இன்னைக்கு லைப்ரரில ஒரு வேடிக்கை" என்று ஆரம்பித்தார். இந்த வீட்டில் முதல் முறையாக ஆபீஸ் பேச்சு. புத்தக அலமாரி ஒன்று சரிந்த கதை. பெரிய வேடிக்கை ஒன்றும் இல்லை. கை குழம்பைக் கிளற, என் தலை தானாக ஆடப் பார்த்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "அப்புறம்?" என்று கேட்டேன்.