முதலாளியின் சட்டை போன வழி

வீட்டிலேயே இல்லாத என் அன்பு வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்து பார்க்கட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? "இந்த ஊர்ல ஒரே ஒரு முதலாளி நான் எழுதின புரோகிராமை வெச்சுக்கட்டும், மறுநாளே வந்துடுறேன்" என்றீர்கள். கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து முதலாளியை, அதுதான் மடிப்புக் கலையாத நம் 'இஸ்திரி'யை, உங்கள் புரோகிராமை வைத்துக்கொள்ளச் சொல்லி அன்றிலிருந்து நச்சரித்து வருகிறேன். அரை மெஷின் துணிதான் இருக்கிறது என்றால் இரண்டு இடத்துத் துணியைச் சேர்த்துப் போடுவது எங்கள் வழக்கம். எந்த மெஷினில் யார் துணி என்று கணக்கு வைக்க அவர் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரோ ஒரு மெஷினுக்கு ஒரு பெயர்தான் ஏற்கும். பிரிக்கிறவர்கள் அதைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். உங்களுடையதில் இரண்டு பெயரும் போடலாமே என்றால், "படமும் இல்ல, பட்டனும் இல்ல, கரன்ட் போன மாதிரி கறுப்பா இருக்கு. ஊர் உலகத்துல யாரும் வெச்சிருக்காததை நான் ஏம்மா வெச்சுக்கணும்?" என்பார். நானும் விடவில்லை. என் லேப்டாப்பில் உங்களுடையதையும் கூடவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, துணி மாறுகிறது என்று சண்டை போட்ட ஓட்டலுக்குச் சமாதானம் பேசப் போனார் இஸ்திரி. காபி கொண்டுவந்த சர்வர் போட்டிருந்தது இவருடைய சட்டை! வீட்டுத் துணியையும் இங்கேதானே போடுகிறார். காலரில் அவர் மனைவி போட்ட நீல நூல் தையல் அப்படியே இருந்ததாம். மனிதர் காபியைத் தொடாமல் திரும்பிவிட்டார்.

வந்ததும் ஒரே கத்தல். பேன்ட் எங்கே என்றார். வாங்கிய சாஃப்ட்வேர், அப்படி ஒரு துணி வரவே இல்லை என்று சாதித்தது. நான் கறுப்புத் திரையில் இரண்டு வார்த்தை தட்டினேன். சட்டை ஓட்டல் துணியோடு, பேன்ட் ஆஸ்பத்திரித் துணியோடு என்று வந்தது. டிரைவர் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், மடித்து அடுக்கிய பச்சை அங்கிகளுக்கு நடுவே அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறே வலித்துவிட்டது.

அன்றே சரி என்றுவிட்டார். ஆனால் கேட்டாரே ஒரு கேள்வி: "நாளைக்கு இது மக்கர் பண்ணினா யாரைக் கூப்பிடுறது? எழுதினவர் கோவிச்சுக்கிட்டா?" கோபித்துக்கொண்டால் நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன் சார் என்றேன். எழுதினது யார் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அவரை இங்கேயே வந்து உட்காரச் சொல்லும்மா. ஆள் இருந்தாத்தான் நான் இதை வெச்சுக்குவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

சம்பளம் அங்கே வாங்குவதைவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. சலவைக்கூடத்து மாடியில் ஜன்னலோரம் உங்களுக்காக ஒரு மேஜை காலியாகிவிட்டது. துடைத்து வைத்தது நான்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். சொன்னபடி மறுநாளே வர வேண்டாம். சின்னவளுக்குப் புதுப்பல் முளைப்பதற்குள் வந்துவிடுங்கள்.

சமாதானப்படுத்தக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி