மஞ்சள் பால்

நவம்பர் 12, 1976. வெள்ளி
விடாத மழை. விறகெல்லாம் ஈரம். நேற்று விடியலில் பெண் பிறந்தாள், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே. பெயர் இன்னும் இல்லை. மூக்கு அவள் அப்பா மூக்கு, பாவம்.
பால் மஞ்சளாக, கெட்டியாக வருகிறது. அண்ணி, வீட்டுக்காரரின் அக்கா, அதைப் பழைய வேட்டித் துண்டில் பீய்ச்சி வெளியே போட்டுவிட்டார். "சீழ் மாதிரி இருக்கு. மூணு நாளைக்கு ஆகாது லா. சீனித் தண்ணி போதும்." பிள்ளை என் பக்கமே தலையைத் திருப்புகிறது. எனக்கு எரிச்சல். யாரிடம் காட்ட?

நவ. 13, சனி
எங்கள் மாடும் கன்று போட்டது. கிடாரி. சுவருக்கு அப்பால் வீட்டுக்காரர் குரல்: "அக்கா, மொத கன்னு குடிக்கட்டும். சீம்பாலு உள்ள போகாட்டி நிக்காது." மிச்சத்தை அண்ணி வெல்லம் போட்டுக் காய்ச்சி லயம் முழுக்கக் கொடுத்தார். எனக்கும் ஒரு கிண்ணம். ருசிதான்.
"கன்னுக்கு ஆகுறது பிள்ளைக்கு ஆகாதா அண்ணி?"
"மாடும் மனுசியும் ஒண்ணா?"
கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

நவ. 19, வெள்ளி
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் பால்தான். ஆனாலும் வயிற்றுப்போக்கு. கண் குழிவிழுந்துவிட்டது. அழுகிறாள், சத்தம் இல்லை.
தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்தார். "மொதப் பால் குடுத்தியாம்மா?" நான் தரையைப் பார்த்தேன். "ஒன் ஒடம்பு கண்ட நோய்க்கெல்லாம் தடுப்பு அதுலதான் இருக்கு." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
திரிங்காப் ஊர்க் காய்கறி லோரியில் இடம் கேட்டு வீட்டுக்காரர் ஓடியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு.

நவ. 21, ஞாயிறு
போய்விட்டாள். பெயர் வைக்காமலேயே புதைத்தார்கள். நான் வரக்கூடாதாம்.
மார் கட்டிக்கொண்டு வலி. "பீச்சி விட்டுரு" என்கிறார் அண்ணி, என் முகத்தைப் பார்க்காமல். வெளியே கன்று துள்ளுகிறது. அதன் மேல் கோபம் வருகிறது. அது என்ன செய்யும்.

நவ. 25, வியாழன்
மூடுபனி. துணி காயவில்லை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.
கடைசி வீட்டுச் சரசுவுக்குப் பையன். பழைய வேட்டித் துண்டோடு அண்ணி அங்கே போனதைப் பார்த்தேன்.
சாவுத் தீட்டு. பிள்ளை பெற்ற வீட்டில் நான் கால் வைக்கக்கூடாது. போனேன். சரசுவின் அம்மா வாசலை மறித்தார். நான் நகரவில்லை. அங்கிருந்தே சொன்னேன்: "அண்ணி, பீச்சாதீங்க. கன்னுக்குட்டிக்குக் குடுத்தத இவனுக்கும் குடுங்க."
அண்ணி துண்டைக் கீழே வைத்தார். பையனைத் தூக்கிச் சரசுவின் மாரில் போட்டார். அழுதுகொண்டேதான்.
அவன் குடிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. என் ரவிக்கை நனைந்துவிட்டது.