அமுங்கிய கட்டை

என் பிடிவாதக்காரனுக்கு,

சனிக்கிழமை ஆனால் அந்தப் பழைய நீராவி ரயிலின் தண்டவாளத்தைச் சீர்செய்யச் சம்பளமில்லாமல் ஓடுவாயே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நேற்று நானே போனேன். உன் கோட்டைத்தான் போட்டுக்கொண்டேன். வேல்ஸ் மழை வழக்கம்போல விடவில்லை.

குழுத் தலைவி நெஸ்டா என் கையில் கடப்பாரையைக் கொடுத்தாள். "உங்க வீட்டுக்காரர் வேலையை விட கேக்கைத்தான் சீக்கிரம் முடிப்பார். நீங்க எப்படி?" என்றாள். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில் ஒன்றுக்கு அடியில் நான் ஜல்லியை இடித்து இறுக்கினேன்.

ரயில் வந்தது. லிவர்பூலிலிருந்து சுற்றுலா வந்த பயணிகள் ஜன்னல் வழியே கையாட்டினார்கள். எங்கள் குழுவில் ஒருவரும் திரும்பக் கையாட்டவில்லை. ஏன் இந்தக் கர்வம் என்று நினைத்தேன். எல்லோரும் சக்கரத்துக்குக் கீழே கட்டை அமுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று அமுங்கியது.

"யாருது அது?" என்றாள் நெஸ்டா.

"என்னுது."

"சரி, மறுபடி இடிங்க. டீ ஆறிப்போகும்."

இடித்தேன். அடுத்த ரயிலுக்கு அது அசையவில்லை. இதையெல்லாம் ஏன் நீ ஒருநாளும் சொன்னதில்லை?

நீ இருக்கும் மருத்துவமனையிலிருந்து, உனக்கு நடைப்பயிற்சி தரும் பெண் பேசினாள். பிடித்து நடக்கக் கொடுத்த சட்டத்தைத் தள்ளிவிட்டாயாம். நீ நிற்கப் பழகுவதை நான் பார்க்கக் கூடாது என்றாயாம். அதைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை.

நாளை வருகிறேன். உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். தரையைத்தான் பார்ப்பேன், கால் ஊன்றுகிறதா என்று மட்டும்.

உன்னவள்