சாமி வீட்டில் தங்கிப்போன கூடை

சேசு மரி சூசை துணை
கொத்தோ தீவு, 20 நவம்பர் 1961

அன்புத் தங்கை சாயேவுக்கு,

இங்கு யாவரும் சுகம். ஒசாகா நூல் ஆலைக்குப் போனதும் அக்கா என்று ஒருத்தி இருப்பதே மறந்துவிட்டதா? போகட்டும், நல்ல சேதி சொல்கிறேன். நம் சின்ன வயதில் பங்குக் குருவாக இருந்த மிசோகுச்சி சாமியே மறுபடியும் நம் பங்குக்கு வந்திருக்கிறார்! தலை நரைத்துவிட்டது. படகிலிருந்து இறங்கியதும் ஊரே முழந்தாளிட்டது. என்னைப் பார்த்து, "ஹமசாக்கி வீட்டுப் பொண்ணுதானே நீ? தங்கச்சி எங்க?" என்றார். எவ்வளவு ஞாபகம் பார்!

குளிர்காலத்தில் அவரவர் வலையில் விழும் முதல் பாரை மீனைச் சாமிக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டுப் பெண்பிள்ளைதான் கூடையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். இந்த வருடம் என் மகள் நொபுகோ. பதினொரு வயதாகிறது, புது முக்காடு தைத்துவிட்டேன். "சித்தி மாதிரி கூடைய அங்கயே விட்டுட்டு வந்துடாதடி" என்று உன் அத்தான் கேலி செய்கிறார். கூடையை எடுத்துவர மாட்டேன் என்று அடம்பிடித்து அம்மாவிடம் நீ வாங்கிய அடியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

உன் அக்கா,
இவா

ஒசாகா, 27 நவம்பர்

அன்புள்ள அக்கா,

சிரிக்காதே. நொபுகோவை அனுப்பாதே.

நான் கூடையை மறந்துவிட்டு வரவில்லை. அவர்தான் வைத்துக்கொண்டார். "கூடை இருக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கோ. தனியா வா" என்றார். மறுநாள் போனேன். கதவைச் சாத்தினார். அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. நீயும் பெண்தானே, புரிந்துகொள். அன்றும் கூடையைத் தரவில்லை, இன்னொரு நாள் வா என்றார். அதற்குத்தான் போகமாட்டேன் என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன் அக்கா. "சாமியப் பத்தி இப்படிப் பேசுற வாய் அழுகிப் போகும்" என்று என் வாயில் உப்பை அள்ளித் திணித்தாள். அதன்பின் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். உன் காலில் விழுகிறேன், பிள்ளையை அனுப்பாதே.

உன்
சாயே

கொத்தோ, 4 டிசம்பர்

சாயே,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். உனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா? நம் அப்பாவுக்குச் சாகும் தறுவாயில் அவஸ்தைப்பூசுதல் கொடுத்த கையடி அது. வேதத்துக்குத் தடை இருந்த காலத்தில், ஒரு சாமியார் வரமாட்டாரா என்று ஏழு தலைமுறையாக ஒளிந்து ஒளிந்து செபித்த சனம் நாம். வந்தவரைப் பற்றி இப்படியா எழுதுவாய்?

நேற்று மீன் விழுந்துவிட்டது. நாளை நொபுகோ போவாள். உன் வாயை அடைப்பதற்காகவே நானும் கூடப் போகிறேன். இனி எனக்கு எழுதாதே.

இவா

கொத்தோ, 12 டிசம்பர்

என் தங்கமே சாயே,

மீனை வாங்க அவரே கதவைத் திறந்தார். நொபுகோவின் முக்காட்டைத் தடவி ஆசீர்வதித்தார். எனக்கு உன் மேல் கோபம்தான் பொங்கியது. அப்புறம் சொன்னார்: "கூடை இருக்கட்டும் இவா. நாளைக்கு இவ வந்து எடுத்துக்கட்டும். பெரிய பொண்ணாயிட்டாளே, தனியா வரட்டும்."

நீ எழுதிய அதே வார்த்தைகள். கூடையை அவர் கையிலிருந்து பிடுங்கி, மீனை வாசற்படியிலேயே கொட்டினேன். "கூடை எனக்கு இப்பவே வேணும் சாமி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கரையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. பூசையில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. எங்கள் வலையை மட்டும் சாமி மந்திரிக்கவில்லை.

இத்தனை வருடம் நான் சிரித்தேனே, பாவி. நீ எப்படித்தான் பொறுத்துக்கொண்டாயோ!

நேற்று பக்கத்து வீட்டுக் கிஹெயின் மகள் மீன் கொண்டுபோனாள். வெறுங்கையோடு வந்தாள். "கூடை எங்கடி?" என்றேன். "சாமி நாளைக்கு வரச் சொன்னாரு அத்தை" என்றாள். அவள் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மீனைக் கொட்டுன பாவம் பத்தாதா? போடி" என்று கதவை அடைத்துவிட்டாள்.

இதோ விடிந்துவிட்டது. அந்தப் பெண் முற்றத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன். அவளுக்கு முன்னால் நான் போய் அந்தக் கூடையை எடுத்துவர வேண்டும்.

உன் அக்கா,
இவா