செந்தில் நின்றுபோன இடம்

26-10-2006 வியாழன்
தூறல். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. தெருவில் ஒரு மிஷின் சத்தமும் இல்லை. கையெழுத்துப் பழக நல்ல நாள். 'ஞ' இன்று அழகாக வந்தது.

மகன் செந்தில் கிடாரை விற்கப் போகிறான். ஞாயிறு ஆள் வருகிறதாம். கோயமுத்தூரில் ராக் கச்சேரி செய்தார்கள், மூன்று பேர். இவன், டிரம் டேவிட், நாலு கம்பி கிடார் சரவணன். நடுவில் இவன் மேலே வாசிக்க வழி தெரியாமல் நின்றுவிட்டானாம். அதோடு வெறுத்துவிட்டது. அந்தக் கச்சேரி சி.டி.யில் இருக்கிறது. கேட்டு எழுதப் போகிறேன். நான் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருந்தவன். பார்க்காமல் எதையும் கழித்ததில்லை.

27 வெள்ளி
கேட்டேன். ஒரே பாட்டு, முடிய மாட்டேன் என்கிறது. மாடியில் பழகும்போது கேட்ட மெட்டு முதலில். அப்புறம் எங்கேயோ. குறைகள்:
மெட்டு மாறியது.
டிரம் வேகம் மாறியது.
சரவணன் தனி வழி.
செந்தில் நின்றது.

இந்தச் சத்தத்துக்கு நிட்டிங் மிஷின் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்கிறாள் என் மனைவி.

செந்திலிடம் காட்டினேன். சிரித்தான், ரொம்ப நாளுக்குப் பிறகு. "இதுக்கு சாம்பிள் கிடையாதுங்கப்பா. மேடையிலயேதான் வெட்டித் தைக்கறோம். நான் நின்னது மட்டுந்தான் தப்பு."

மூன்று குறைகளை அடித்துவிட்டேன். அடிப்பதும் எழுத்துதான்.

28 சனி
மத்தியானம் வரை கரண்ட் இல்லை. பிறகு அந்த இடம் மட்டும், திரும்பத் திரும்ப.

கிடார் நிற்கிறது. கூட்டத்தில் விசில், கேலி விசில். டேவிட் நிறுத்தவில்லை. சத்தத்தைக் குறைத்து அதே அடி. ஆள் வரும்வரை கம்பெனி வேன் டிரைவர் வண்டியை ஆஃப் செய்யாமல் நிற்பதுபோல. சரவணன் இரண்டு சுரம் வாசித்துவிட்டு விடுகிறான். பதில் இல்லை. மறுபடி அதே இரண்டு. செந்தில் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறான். அங்கிருந்து அது போன போக்கு, மாடியில் ஒருநாளும் கேட்டதில்லை.

உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே கேட்டேன். மூட்டு வலி எங்கே போச்சுங்க என்கிறாள் மனைவி.

விற்கக் கூடாது.

29 ஞாயிறு
வெயில். கிடார் கேட்டு ஒருவர் வந்தார், நல்ல பிள்ளை. விக்கறதில்லீங்க என்றேன். செந்திலுக்குக் கோபம், உங்களை யார் சொல்லச் சொன்னது என்று. சி.டி.யைப் போட்டேன். அந்த இடம் வந்ததும் அணைக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ நிக்கலீன்னா அவங்க ரெண்டு பேரும் உன்னைத் தேடியிருக்கவே மாட்டாங்க, கண்ணு. கேளு."

கேட்டான். வந்தவரும் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

முடிந்தது.  செந்தில் தானே டீ போட்டு வந்தவருக்குக் கொடுத்தான். மன்னிச்சுக்குங்க என்று சொல்லி, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தான்.