வல்பிரேனின் தமிழ்

13 யூன் 2009, சனி

போன மாதம் போரில் செத்த எங்கள் சனத்துக்குச் சங்கத்தின் அஞ்சலிக் கூட்டம். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மளிகைக்கடைக்கு மேல் மாடி, நிற்க இடமில்லை. நகரசபையிலிருந்து யாராவது வந்தால் நல்லது என்று சங்கத் தலைவர் குகதாசன் அண்ணை ஒரு கிழமையாக ஓடித் திரிந்தார். கடைசியில் கிடைத்தவர் பஸ்கால் வல்பிரேன், எங்கள் வட்டார உறுப்பினர். அவருடைய பிரெஞ்சைத் தமிழில் சொல்ல என்னைப் பிடித்தார்கள்.

அவர் எழுந்து, "உங்கள் தீவின் நிலைமையைக் கவனமாகப் பார்த்து வருகிறோம்" என்றார். அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு மனிசி மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. அவவிடம் இதை எப்படிச் சொல்வது? "உங்கடை கண்ணீர் எங்கடை கண்ணீர். இந்த நகரம் உங்களைக் கைவிடாது" என்றேன். சனம் அழுதது, பிறகு கைதட்டியது. வல்பிரேன் தன் பேச்சுக்கு இவ்வளவு வரவேற்பா என்று முழித்துக்கொண்டு நின்றார்.

படி இறங்கும்போது என்னிடம் கேட்டார்: "இவர்களில் எத்தனை பேருக்கு வாக்கு இருக்கிறது?"



14 யூன் 2009

நான் சொன்னது பொய்யா? சபை மரியாதைக்குச் சொன்னது. அப்படியே இருக்கட்டும்.

28 ஆகஸ்ட் 2011, ஞாயிறு

கோவில் தேர்த் திருவிழா. வல்பிரேன் இப்போது துணை மேயர். பத்து நிமிடம் நின்றார். கமரா வரும்வரை தேங்காயைக் கையில் வைத்திருந்து, வந்த பிறகு உடைத்தார். குகதாசன் அண்ணை பொன்னாடை போர்த்தினார். "நான் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று அவருக்காக நான்தான் சொன்னேன். அவர் உண்மையில் சொன்னது, நல்ல வெயில், நல்ல கூட்டம்.

காரடிக்குப் போனேன், ஒரு கடிதத்தில் கையெழுத்து வேண்டும் என்று. பின்கதவைத் திறந்தார். உள்ளே அவருடைய நாய். நாய்க்குக் கீழே போன வருடத்துப் பொன்னாடை, சரிகை எல்லாம் ஒரே மயிர். இன்றையதையும் மடிக்காமல் அதன்மேல் எறிந்தார்.

நான் வாய் திறந்தேனா? இல்லை. நகரசபையில் வீட்டு விண்ணப்பம் வாங்கும் கருமபீடத்து வேலை அவர் எடுத்துத் தந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் ஹோட்டல் அறை கழுவினேன். திரும்பவும் அந்த வாளியைத் தூக்க என்னால் முடியாது.

17 யூன் 2012, ஞாயிறு

வென்றுவிட்டார். பாராளுமன்றம் போகிறார். லா ஷப்பல் கடைத்தெருவில் எங்கள் ஆட்கள் வெடி கொளுத்தினார்கள். குகதாசன் அண்ணை என்னைப் பார்த்து, "உன்ரை வாயாலைதான் பிள்ளை மனுசன் வெண்டவர்" என்றார். பாராட்டுத்தான். வெடிச் சத்தத்தில் கேளாததுபோல நடந்தேன்.

18 யூன் 2017, ஞாயிறு

கட்சி மாறி நின்றும் வென்றுவிட்டார். சுவரொட்டியில் அதே படம், கழுத்துப்பட்டி மட்டும் வேறு நிறம். ஏன் மாறினார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதற்கும் அழகான தமிழ் ஒன்று என்னிடம் இருந்தது.

23 ஏப்ரல் 2018, திங்கள்

குடிவரவுச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்திருக்கிறார். வதிவிடக் காகிதம் இல்லாதவர்களை இனி நெருக்குவார்கள். 2009இல் சங்கத்து மாடியில் கைகட்டி நின்ற மனிதர்.

12 மே 2018, சனி

சனம் பயந்துபோயிருக்கிறது, விளக்கம் சொல்ல வாருங்கள் என்று சங்கம் கூப்பிட்டு, வந்தார். சார்செலில் இருக்கும் கோசலை எழும்பினா, பக்கத்தில் மகள் சாம்பவி. "என்ரை மனுசன் தவரத்தினம் இஞ்சை வந்து பதினொரு வருசம். அகதி மனு ரெண்டு தரம் தள்ளுபடி. நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதமும் வந்திட்டுது. வேலைச் சம்பளத் துண்டெல்லாம் இருக்கு. விசா குடுக்கிற பிரிபெக்தூர்க் கந்தோருக்கு இப்ப போகலாமோ, பதுங்கி இருக்கிறதோ?"

வல்பிரேன் சொன்னது: "தகுதி உள்ளவர்கள் இருப்பார்கள். இல்லாதவர்கள் திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு கோப்பும் பரிசீலிக்கப்படும்."

மண்டபம் என் வாயைப் பார்க்கிறது. குகதாசன் அண்ணை பொன்னாடையோடு தயாராக நிற்கிறார். "இவ்வளவு காலம் உழைச்ச ஆக்கள் பயப்பிட வேண்டாம். கோப்பைக் கொண்டுபோய்க் குடுங்கோ, நான் பின்னாலை நிப்பன்" என்றேன்.

கோசலை கும்பிட்டா. அவரையல்ல, என்னை.

29 மே 2018, செவ்வாய்

தவரத்தினத்தைப் பிடித்துவிட்டார்கள். சட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, கோப்போடு, தானாகப் போன மனுசன். கருமபீடத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், இருந்திருக்கிறார், பொலிஸ் வந்திருக்கிறது. பழைய வெளியேற்ற உத்தரவு அப்படியே கிடந்ததாம். இப்போது தடுப்பு முகாமில். கோசலை தொலைபேசியில், "அக்கா, அவர் பின்னாலை நிப்பன் எண்டவர்தானே? ஒருக்கா சொல்லுங்கோ" என்றா.

வல்பிரேனின் அலுவலகத்துக்கு ஏழு தரம் அடித்தேன். எட்டாவது தரம் அவரே பேசினார். குரலில் கோபம்கூட இல்லை.

"கஜனி, நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே. ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்."

உண்மைதான். ஒன்பது வருசத்திலை அந்தாள் ஒருநாளும் எதையும் சொல்லேல்லை. சொன்னது முழுக்க நான். சீ. எனக்கு என்னையே தொட அரியண்டமாக் கிடக்கு.

16 யூன் 2018

தவரத்தினத்தைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். நான் விமான நிலையம் போகவில்லை. கோசலைக்கு முகம் கொடுக்கப் பயம்.

9 பெப்ரவரி 2019, சனி

வல்பிரேன் இனி அரசுச் செயலாளர், அமைச்சருக்கு அடுத்த படி. குகதாசன் அண்ணை குதூகலமாகத் தொலைபேசி எடுத்தார்: பாராட்டு விழா, ஆறு அடிப் பொன்னாடை சொல்லியாகிவிட்டது, மொழிபெயர்ப்பு வழமைபோல நான். வரமாட்டேன் என்றேன். "உன்ரை வேலை அவரின்ரை கையிலை, மறந்திடாதை" என்றார். மறக்கவில்லை. அதைத்தானே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

10 பெப்ரவரி 2019, ஞாயிறு

ரயிலேறிச் சார்செலுக்குப் போனேன். எட்டாம் மாடி. கோசலை என்ன ஏது என்று கேட்காமல் தேத்தண்ணி வைத்தா. சாம்பவி மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "அண்டைக்கு அவர் அப்பிடிச் சொல்லேல்லை. பயப்பிடாமல் போங்கோ எண்டு நானாத்தான் சொன்னனான்."

திட்டுவா, கதவைக் காட்டுவா என்று எதிர்பார்த்தேன். கோசலை கோப்பையைத்தான் பார்த்தா.

"தெரியும் அக்கா. இவள் அண்டைக்கே மண்டபத்திலை காதுக்குள்ளை சொன்னவள். அந்தாள் வேறை சொல்லுது, அன்ரி வேறை சொல்லுறா, அப்பாவைப் போக விடாதையுங்கோ எண்டு. பெரிய ஆக்களைப் பற்றிப் பொய் சொல்லுவியோ எண்டு வெளியிலை கூட்டிக்கொண்டு போய் அடிச்சனான்."

எழும்பிச் சாம்பவியிடம் போய், "பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. தனக்குத் தமிழ் விளங்காது என்று பிரெஞ்சில் சொன்னாள்.